வளங்குன்றா வளர்ச்சி: குன்றக்கூடாதது எது?

‘சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்’ என்ற ஒரே தொடருக்குத் தமிழில் ஐந்தாறு பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் நிலையான வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, இரண்டையும் ஒட்டவைத்த ‘நீடித்த நிலையான வளர்ச்சி’. இலங்கையில் பேண்தகு அபிவிருத்தி, நிலைபேறான அபிவிருத்தி. இவற்றோடு வளங்குன்றா வளர்ச்சி. எதை எழுதினால் என்ன என்று தோன்றும். ஆனால் ஓர் ஊரின் தண்ணீருக்கோ காட்டுக்கோ திட்டம் எழுத உட்கார்ந்தால், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் காலநிலை மாற்றத்தையும் வளர்ச்சித் திட்டத்தோடு முடிச்சுப் போடுகிற சொல் இது. முடிச்சு தளர்ந்தால் மூன்றும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிந்துபோகும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்பது அதன் பொருள். கருத்துக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஃப்ரைபெர்க் என்ற வெள்ளிச் சுரங்க நகரம் உண்டு. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம், வெள்ளியை உருக்கக் கரி என்று சுற்றியிருந்த காடுகள் கரைந்துகொண்டிருந்தன. சுரங்க நிர்வாகத்தின் உயர் அதிகாரியான ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொடர்ந்து கைகொடுக்கும்படி காட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல ‘நாஹ்ஹால்ட்டெண்டு’ என்ற சொல்லை அதில் ஆண்டார். பின்னால் வந்த வனவியலாளர்கள் அதைக் கணக்காக்கினார்கள். மரம் முற்ற 100 ஆண்டு ஆகும் என்றால், 100 ஏக்கர் காட்டில் ஆண்டுக்கு ஓர் ஏக்கர் மட்டும் வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே மறுநடவு செய்ய வேண்டும். முதல் தொட்டு இது ஓர் அளவுச் சொல். எவ்வளவு விளைகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்ற இரண்டு எண்கள் இல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

இந்தக் கணக்கு இந்தியாவுக்கும் வந்தது. 1864இல் நாட்டின் முதல் வனத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற டீட்ரிஷ் பிராண்டிஸ் ஜெர்மானியர். கணக்கோடு அதன் குறையும் வந்தது: எண்ணப்பட்டது மரம் மட்டுமே. நீலகிரியில் சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்திருந்த புல்வெளிகள் அந்தக் கணக்கில் வெற்று நிலம். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக அங்கே கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) நட்டார்கள். மரக் கணக்கில் அது லாபம். மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளி போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எந்த வளத்தை எண்ணுகிறோம் என்பதிலேயே பாதித் திட்டம் முடிவாகிவிடுகிறது.

‘வளர்ச்சி’ இதனோடு சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். 1980இல் வெளியான உலக இயற்கைப் பாதுகாப்பு வியூகத்தில் இந்தத் தொடர் இடம்பெற்றது. நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987இல் அதற்கு வரையறை கொடுத்தது: வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல், இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி. 1992 ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட காலநிலை மாற்ற உடன்படிக்கையும் இதே தொடரை ஏற்றது. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் 13ஆவது காலநிலை நடவடிக்கை.

இந்தியச் சட்டத்தில் இந்தத் தொடர் ஊன்றியதற்குப் பாலாறு ஒரு காரணம் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றில் விட்ட கழிவுநீரை எதிர்த்து வேலூரின் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவுசெய்கிறது. சூழலா, தொழிலா என்ற பழைய எதிர்நிலையைத் தள்ளிவிட்டு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடுமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளையும் இந்தக் கருத்தின் உறுப்புகளாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘நிலையான வளர்ச்சி’ என்றால் எது நிலையாக நிற்கிறது? இலக்கணப்படி வளர்ச்சிதான். ஆண்டுக்காண்டு ஒரே வேகத்தில் ஏறும் உற்பத்தியையும் பத்திரிகைகள் ‘நிலையான வளர்ச்சி’ என்றே எழுதுகின்றன. ‘நீடித்த’ என்பதிலும் அதே சிக்கல், கூடவே இறந்தகாலம் வேறு: ஏற்கெனவே நீடித்துவிட்ட ஒன்றைத்தான் அது குறிக்கும். ‘பேண்தகு’ நேர்த்தியான ஆக்கம். பேணத் தகுந்த என்று விரியும், ஆங்கில உருவத்துக்கு மிக நெருக்கம். ‘நிலைபேறான’ என்பதும் நல்ல தமிழே, நிலைத்தலைப் பெற்ற என்று பொருள் தரும். ஆனால் இவை இரண்டிலும் பேணப்படுவதும் நிலைப்பதும் அபிவிருத்தியே. வளத்தின் பெயரைச் சொல்வது ‘வளங்குன்றா’ ஒன்றுதான். எது குறையக்கூடாது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஆகவே எங்கள் தெரிவு அதுவே.

அது புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. திருக்குறளின் நாடு அதிகாரத்தில், 736ஆவது குறளில் இருக்கிறது:

கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா
நாடென்ப நாட்டின் தலை.

கேடு அறியாததாய், ஒருவேளை கெட்டாலும் அப்போதும் வளம் குறையாததாய் இருப்பதே நாடுகளில் தலையானது என்கிறது குறள். இங்கே வளம் என்பதற்குச் சுரங்கத்தில் கிடைப்பதும் வயலிலும் சோலையிலும் விளைவதும் எனப் பரிமேலழகர் பொருள் காண்கிறார். ‘கெட்ட இடத்தும்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் நிறுத்திப் படியுங்கள். நல்ல ஆண்டில் வளம் குறையாதிருப்பது பெரிதன்று. கெட்ட ஆண்டைக் கணக்கில் வைத்துப் பேசுகிறது குறள். காலநிலை மாற்றம் இந்தக் கருத்தைத் தொடுகிற இடமும் அதுவே.

நிலத்தடி நீர்க் கணக்கில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் குறுவட்டம் (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) குறுவட்டமாக இதை மதிப்பிடுகிறார்கள். ஓராண்டில் பாதுகாப்பாக எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதே அளவுகோல். 70 வரை பாதுகாப்பானது; 90 வரை ஓரளவு அபாயம்; 100 வரை அபாயம்; அதற்கு மேல் மிகைநுகர்வு. எடுத்துக்காட்டாக ஒரு குறுவட்டத்தில் எடுக்கத்தக்க நீர் 1,000 ஹெக்டேர் மீட்டர், எடுப்பது 850 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் மீட்டர் ஒரு கோடி லிட்டர். விழுக்காடு 85, ஓரளவு அபாயம். இப்போது ஆண்டு மழையளவு மாறாமலே, பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டுகிறது. மண் தன் வேகத்தில்தான் உறிஞ்சும், மீதி ஓடிவிடும். ஊறும் நீர் குறைந்து எடுக்கத்தக்கது 850 ஆகிறது. வெயில் கூடியதால் பயிர் கேட்கும் தண்ணீரும் கூடி, எடுப்பது 900 ஆகிறது. விழுக்காடு 106. ஒரு புதுக் கிணறும் வெட்டாமல், ஒரு ஏக்கரும் கூடுதலாகப் பயிரிடாமல், அந்த ஊர் மிகைநுகர்வுக்குள் விழுந்துவிட்டது. கார்லோவிட்ஸுக்குப் பின்வந்த வனவியலாளர்களின் கணக்கில் காடு ஆண்டுதோறும் ஒரே அளவு வளரும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

திட்டம் எழுதுவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பல ஆண்டுச் சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சராசரியோடு கடந்த பதிவுகளில் மிக மோசமான ஆண்டையும் பக்கத்தில் எழுத வேண்டும், அந்த ஆண்டில் யாருக்கு முதலில் தண்ணீர், எந்தப் பயிர் நிறுத்தப்படும் என்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். இன்னொரு தவறு, காலநிலைக்கு நல்லது வளத்துக்கும் நல்லது என்று எண்ணிக்கொள்வது. டீசல் பம்புக்குப் பதில் சூரிய ஆற்றல் பம்பு வைத்தால் புகை குறையும், அது காலநிலை மாற்றத்தைத் தணிக்கும் நடவடிக்கை. ஆனால் வெயில் இலவசம். டீசல் செலவு போட்டிருந்த கட்டுப்பாடு போய், பகல் முழுதும் மோட்டார் ஓடும், நீர்மட்டம் இறங்கும். மிச்ச மின்சாரத்தை விவசாயி மின்கட்டமைப்புக்கு விற்க வழி செய்தால் தண்ணீரை மிச்சப்படுத்த அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். அதை முதலிலேயே எழுத வேண்டும். மேலூரில் தடுப்பணை கட்டி நீரைத் தேக்கினால் அந்த ஊராட்சிக்கு அது பாதுகாப்பு, கீழூர் ஏரிக்கு வரத்துக் குறைவு. ஆகவே எல்லை வருவாய்க் கிராமமாக இல்லாமல் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்க வேண்டும். மரக்கன்றுகளை நட்ட எண்ணிக்கையும் அளவு ஆகாது, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பவைதான் அளவு.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான காலநிலை மாற்ற இயக்கமும், கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இரண்டு ஆவணங்களிலும் ஒரே ஏரிக்கு ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பதே இணைப்புக்கு முதல் சோதனை.

எழுதுவோருக்குச் சில இலக்கணக் குறிப்புகள். வளம் + குன்றா, மகரம் ஙகரமாகத் திரிந்து வளங்குன்றா என்று ஒரே சொல்லாக வரும். குன்றாத என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் பின்னால் வல்லினம் மிகும்: வளங்குன்றாத் திட்டம், வளங்குன்றாக் கட்டுமானம். வகரத்துக்கு முன் மிகாது: வளங்குன்றா வேளாண்மை. பெயர்ச்சொல் வேண்டுமானால் வளங்குன்றாமை. ‘வளர்ச்சி’ உற்பத்திப் பெருக்கத்தையும் குறிப்பதால், இரண்டையும் பிரிக்க வேண்டிய இடத்தில் வளங்குன்றா மேம்பாடு என்று எழுதலாம். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அமைதி பற்றிய பேச்சில் நிலைத்த அமைதி போதும். கடன் பற்றிய பேச்சில் தாங்கத்தக்க கடன். அரசு ஆவணத்தின் தலைப்பையோ சட்டத்தின் பெயரையோ மேற்கோள் காட்டும்போது, அதில் நிலையான என்றோ நிலைபேறான என்றோ இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். மாற்றினால் வாசகர் அந்த ஆவணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.