பை-வயரிங்: தமிழில் ஈரிணைக் கம்பியிடல்

ஸ்டீரியோ ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சிலவற்றில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு முனைகள் இருக்கும், சிலவற்றில் நான்கு. நான்கு முனை உள்ள பெட்டிக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். ஒரு சோடி கீச்சொலி தருகிற ட்வீட்டருக்கு, இன்னொரு சோடி அடியொலி தருகிற வூஃபருக்கு. புதுப் பெட்டியில் இரண்டு சோடியையும் சின்ன உலோகத் தகடுகள் சேர்த்து வைத்திருக்கும், அதனால் ஒரே வயர் கொடுத்தாலே முழுப் பெட்டியும் பாடும். அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, ஒரே ஆம்பிளிஃபயரிலிருந்து ஒவ்வொரு சோடிக்கும் தனி வயர் இழுத்தால் அது பை-வயரிங். 1980களில் பிரித்தானிய ஹைஃபை பிரியர்களிடம் பரவிய பழக்கம் இது.

சொல்லின் முதல் பாதியான ‘பை’ லத்தீனில் இரண்டைக் குறிக்கும் முன்னொட்டு. சமஸ்கிருத ‘த்வி’யும் அதுவும் ஒரே வேரில் வந்தவை. நமக்கு இது புதிதல்ல. இலங்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாரும் பைசிக்கிளை ‘துவிச்சக்கர வண்டி’ என்று எழுதியவர்கள்தானே, அங்கே இருக்கிற ‘துவி’தான் இது. ‘வயர்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல், உலோகத்தை இழுத்து நீட்டிய இழைக்குப் பெயர். இரண்டையும் சேர்த்தால் ‘இரண்டு கம்பி போடுதல்’ என்று வரும், குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் எந்த ஸ்பீக்கருக்கும் சாதாரணமாகவே இரண்டு கம்பி போகிறது, ஒன்று நேர், ஒன்று மறை. அதை ‘இருகம்பி’ என்றோ ‘இரட்டைக் கம்பி’ என்றோ மொழிபெயர்த்தால், ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். ‘டபுள் வயர்’ என்று கடையில் கேட்டாலும் இதே சிக்கல்தான், கடைக்காரர் வழக்கமான சிவப்புக் கறுப்பு வயரை எடுத்துப் போடுவார், அதில் அவர் மேல் தப்பே இல்லை.

‘இருவடம்’ என்று சொல்லலாமா? வடம் அழகான சொல், பல புரிகளை முறுக்கிச் சேர்த்தது வடம், ஸ்பீக்கர் வயரும் மெல்லிய செப்பு இழைகளை முறுக்கியதுதான். கடலுக்கடியில் போகிற கேபிளையும் தமிழில் வடம் என்றே எழுதுகிறோம். ஆனால் ஒரே உறைக்குள் நான்கு கம்பி வைத்து பை-வயரிங்குக்கென்றே விற்கிற கேபிளும் இருக்கிறது, அது ஒரே வடம்தான். அப்போது ‘இரு’ பொய்யாகிவிடும். இங்கே எண்ண வேண்டியது கம்பியை அல்ல, வடத்தையும் அல்ல, இணையை. அதனால் என் தெரிவு ‘ஈரிணைக் கம்பியிடல்’. இரண்டு என்பது மெய்யெழுத்துக்கு முன் ‘இரு’ ஆகும், உயிருக்கு முன் ‘ஈர்’ ஆகும், ஈராண்டு, ஈரடி, ஈருருளி மாதிரி ஈரிணை. வாயால் சொல்ல இது கொஞ்சம் கனமாக இருந்தால் ‘ரெண்டு சோடி வயர்’ என்று சொல்லுங்கள். சோடி நம் நாட்டுத் தமிழில் எல்லாருக்கும் விளங்கும் சொல், கடைக்காரர் சரியாக நான்கு கம்பி கொடுப்பார்.

சரி, இதனால் சத்தம் கூடுமா? கூடாது. ஆம்பிளிஃபயர் ஒன்றுதான், அது தருகிற சக்தியும் அதேதான். இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது, அடியொலி ஒரு வயரிலும் கீச்சொலி மற்ற வயரிலும் பிரிந்து போகிறது என்று. இது பாதிதான் உண்மை. இரண்டு வயரும் ஆம்பிளிஃபயர் பக்கம் ஒரே முனையில்தான் கட்டப்படுகின்றன, ஆகவே இரண்டிலும் பாட்டு முழுசாகவே போகிறது, அதாவது வோல்ட் இரண்டிலும் ஒன்று. மாறுவது மின்னோட்டம். பெட்டிக்குள்ளே கிராஸோவர் என்றொரு மீடிறன் (அதிர்வெண்) பிரிப்பான் இருக்கிறது. அதில் ட்வீட்டர் வழியில் உள்ள கொள்ளளவி தாழ்ந்த மீடிறனைத் தடுக்கும், வூஃபர் வழியில் உள்ள தூண்டிச் சுருள் உயர்ந்த மீடிறனைத் தடுக்கும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டிகளில் இந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹேர்ட்ஸ் அளவில் நடக்கும். தகட்டைக் கழற்றிய பிறகு அந்தத் தடுப்பு வயர் வரைக்கும் நீள்கிறது, ட்வீட்டர் வயரில் அடியொலிக்கான மின்னோட்டம் ஓட இடமில்லை, அவ்வளவுதான்.

அதில் நன்மை உண்டா என்றால், கொள்கையளவில் உண்டு. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இரண்டு பீலிக்குப் போனால், ஒரு பீலியில் ஆள் பெரிதாகத் திறந்ததும் மற்றதில் தண்ணீர் மெலியும். தொட்டியிலிருந்தே தனித்தனிக் குழாய் இழுத்தால் அந்தத் தொந்தரவு போகும். அதே போல வூஃபர் இழுக்கிற பெரிய மின்னோட்டத்தால் வயரில் ஏற்படும் வோல்ட் இழப்பு ட்வீட்டரைத் தொடாது. ஆனால் அந்த இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் காசு செலவழிக்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்து 10க்கு 12 அடி லயன் அறையில் ஆம்பிளிஃபயருக்கும் பெட்டிக்கும் இடையே 3 மீற்றர் வயர் தாராளம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் அது போக வர 6 மீற்றர், தடை ஏறக்குறைய 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. நம் வீட்டு அறைகளின் அளவுக்கு ஈரிணையால் வருகிற மாற்றம் காதுக்கு எட்டாது என்பதுதான் என் முடிவு. நீளமான ஹோலில் மெல்லிய வயர் இழுத்திருந்தால் அந்தத் தடை பெரிதாகும், ஆனால் அங்கேயும் தடித்த ஒரு சோடி வயரே போதுமான பரிகாரம். தகட்டைக் கழற்றாமல் இரண்டு வயர் போட்டவர்களுக்குக் கிடைப்பதும் அதுதான், வயரைத் தடிப்பாக்கிய பலன் மட்டும்.

நான்கு முனை இருந்தால் உயர்ந்த ஸ்பீக்கர் என்றும் எண்ண வேண்டாம். பி அண்ட் டபிள்யூ 606 பெட்டியில் இரண்டு சோடி முனை இருக்கிறது, உலகம் முழுக்கப் பாராட்டப்பட்ட கெஃப் எல்எஸ்50 பெட்டியில் ஒரு சோடிதான்.

மலையகத்தில் வயரைவிட அதன் நுனிதான் பெரிய கவலை. நுவரெலியா, தலவாக்கலை பக்கம் மழையும் பனிமூட்டமும் மாதக்கணக்கில் நிற்கும், உறை சீவிய செப்பு நுனி கறுத்துப் பச்சை பூத்துப் போகும். ஈரிணையில் ஒரு பெட்டிக்கு எட்டு நுனி, இரண்டு பெட்டிக்குப் பதினாறு, ஒவ்வொன்றும் களிம்பு ஏறக்கூடிய இடம். ஒன்று கெட்டால் வயரின் தடையெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. கறுத்த நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குங்கள், இதற்குச் செலவே கிடையாது. வாங்கும்போதே நுனியைச் சுரண்டியும் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம், தடை செப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதில் இரண்டு சோடி வாங்குகிற காசுக்குச் சுத்தச் செப்பில் ஒரு சோடி வாங்குவது மேல்.

அப்புறம் இதோடு சேர்த்துக் குழப்புகிற சொல் பை-ஆம்பிங். அங்கே ஆம்பிளிஃபயரே இரண்டு, ட்வீட்டருக்கு ஒன்று, வூஃபருக்கு ஒன்று. ஆம்பிளிஃபயரை இலங்கைப் பௌதிகப் பாடத்தில் விரியலாக்கி என்பார்கள், ஆகவே ‘இருவிரியலாக்கி இணைப்பு’. இந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைக்கச் சொல்வது வெறும் மொழி ஆசையால் அல்ல. ஈரிணையில் தகட்டைக் கழற்ற மறந்தால் ஒன்றும் கெடாது. இருவிரியலாக்கியில் மறந்தால் இரண்டு ஆம்பிளிஃபயரின் வெளியீடும் ஒன்றோடொன்று நேராக முட்டிக்கொள்ளும், இரண்டுமே எரிந்து போகலாம்.

இருந்தும் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆம்பிளிஃபயரின் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். தகட்டை எடுங்கள், இரண்டு சோடியிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு சோடி மட்டும் மாறினால் ட்வீட்டரும் வூஃபரும் சந்திக்கிற மீடிறனில் குரல் மெலிந்து கேட்கும். ஆம்பிளிஃபயரில் ஏ, பி என்று இரண்டு வெளியீடு இருந்தால் வூஃபரை ஏயிலும் ட்வீட்டரை பியிலும் கட்டி இரண்டையும் சேர்த்துப் போடலாம், ஆனால் சில மொடல்களில் அப்படிப் போட்டால் இரண்டும் தொடராக இணையும், அதனால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மீண்டும் ஒரு சோடி வயருக்கே திரும்பினால் தகடுகளை மறக்காமல் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் பாதிதான் பாடும். தகடு துருப்பிடித்திருந்தால் அதே செப்பு வயரில் சின்னத் துண்டு வெட்டி அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.