அளபுரு: பாராமீட்டருக்குத் தமிழ்

போன தை மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. மாமா பந்தல்காரரிடம் போனில் "12, 20" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். 12-ஆம் நம்பர் வீட்டிலிருந்து 20-ஆம் நம்பர் வரை என்பது அவர் கணக்கு. 12-இல் தொடங்கி 20 வீடு என்று பந்தல்காரர் எடுத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் 31-ஆம் நம்பர் வாசலில் கம்பம் நிற்கிறது. அந்த வீட்டு ஆட்டோ வெளியே வர வழியில்லை.

மாமா சொன்ன அந்த இரண்டு எண்களைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் பாராமீட்டர் என்கிறார்கள். கிரேக்கத்தில் பாரா என்றால் பக்கத்தில், மெட்ரான் என்றால் அளவு. 17-ஆம் நூற்றாண்டில் கூம்பு வளைவுகளை ஆராய்ந்தவர்கள் ஒட்டிய சொல். நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இது துணையலகு, கணினி அறிவியல் புத்தகத்தில் அளபுரு.

எனக்கு அளபுருதான் பிடிக்கும். அளபு என்பது அளவின் பழைய வடிவம். அளபெடையில் இருப்பதும் அதுவே. கூடவே 'உரு' இருக்கிறது பாருங்கள், அங்கேதான் விஷயம். எண் மட்டும் போதாது, அது எந்த உருவில் வருகிறது என்பதும் தெரிய வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், கணினி பூட் ஆகும்போதே நினைவகத்தில் சில பகுதிகளை வேறு யாரும் தொடாதபடி ஒதுக்கி வைக்கும். முன்பு எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் இதற்கு 'ரிசர்வ் இயர்லி' என்ற செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, இருந்தது. அது தொடக்க முகவரியையும் முடிவு முகவரியையும் வாங்கும். அப்புறம் வந்த 'மெம்பிளாக் ரிசர்வ்' கேட்பது தொடக்கமும் நீளமும். பழைய வரியை மாற்றுகிறவர் முடிவை அப்படியே விட்டுவிட்டால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. அதற்கு இரண்டும் வெறும் எண்கள். 16 எம்பி முதல் 20 எம்பி வரை கேட்டவருக்கு 16-லிருந்து 36 வரை போய்விடும். திருத்தம் ஒரே கழித்தல்தான்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வரும் 4 எம்பியைக் கொடுக்க வேண்டும்.

கர்னல் நொறுங்கினால் உதவ என்று நினைவகம் ஒதுக்கச் சொல்லும் 'கிராஷ்கர்னல்' அளபுருவை, தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் எழுதுவார்கள். அதற்கும் இதே கதை. 256-க்குப் பின்னால் எம்பியைக் குறிக்கும் 'எம்' போட மறந்தால் கர்னல் அதை 256 பைட் என்றே படிக்கும்.

சரி, மாமாவும் கழித்திருந்தால் 8 வீடு என்று சொல்லியிருப்பார், அதுவும் தப்பு. கர்னல் கணக்கில் முடிவு முகவரி ஒதுக்கீட்டில் சேராது. மாமாவின் 20-ஆம் நம்பர் வீடோ பந்தலுக்குள் வரணும். அங்கே ஒன்று கூட்டி, 9.