பணியிடப் பாலியல் துன்புறுத்தல் விசாரணையில் மனநல வல்லுநரின் சாட்சியம்: எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஆட்கள் அதற்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். அலுவலகங்களில் நடத்தும் பயிற்சி வகுப்பு இத்தோடு முடிந்துவிடும். மனநல மருத்துவரோ உளவியலாளரோ சொல்வதற்கு இந்த விசாரணையில் என்ன மதிப்பு என்பதை யாரும் விளக்குவதில்லை. அது தெரியாமல் நியாயமான புகார்கள் தோற்றதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

புகாரோடு போனதும் பல இடங்களில் எழும் முதல் கேள்வி, "மனம் பாதிக்கப்பட்டதற்கு டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதா?" என்பதுதான். அப்படியொரு நிபந்தனை சட்டத்தில் இல்லை. பிரிவு 2(என்) பார்ப்பது அது விரும்பத்தகாத பாலியல் நடத்தையா என்பதைத்தான். பிரிவு 3 அவமதிப்பைப் பற்றிப் பேசும்போதும், பெண்ணின் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடியது என்றுதான் சொல்கிறதே தவிர, அவர் நோயாளியாகி வந்து நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சான்றிதழ் இல்லை என்று மனுவை வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். புகாரை எழுத்தில் கொடுக்க முடியாத பெண்ணுக்கு எழுத உதவுவதே குழுவின் கடமை என்று பிரிவு 9 சொல்கிறது. திருப்பி அனுப்புவது அதன் வேலை அல்ல.

வல்லுநரின் எழுத்து உண்மையில் உதவுவது முதலில் காலக்கெடுவில். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்; தர முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஏற்றால், காரணத்தைப் பதிவு செய்து இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு, பயமும் தூக்கமின்மையும் ஒருவரை எப்படி முடக்கும் என்று மருத்துவர் எழுதிய ஒரு பக்கம் நல்ல பதில். இடைக்கால நிவாரணத்துக்கும் இதே கடிதம் கைகொடுக்கும். பிரிவு 12இன்படி, நீங்கள் எழுத்தில் கேட்டால், உங்களையோ எதிராளியையோ இடமாற்றம் செய்யவும், உங்களுக்கு 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தர மாட்டார்கள். எதிராளியை மாற்றச் சொல்லியே கேளுங்கள். இல்லையென்றால் மாறுவது நீங்களாகத்தான் இருக்கும்.

எந்த மருத்துவரிடம் போவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகரிடம் மனம் திறப்பதற்கு முன், அவர் குறிப்புகள் எச்ஆர் கைக்குப் போகுமா என்று கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு போதும். தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவில்லாதவரின் சான்றைத் தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு அரை நிமிடம் போதும்.

ஓபி சீட்டில் "தூக்கமின்மை, 2 மாதம்" என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விசாரணையில் அந்தச் சீட்டைக் காட்டினால், "வீட்டில் ஏதாவது பிரச்சினையோ?" என்று கேட்பார்கள், பதில் சொல்ல முடியாது. வேலையிடத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லி, நீங்கள் சொன்னது சொன்னபடி தேதியோடு குறிப்பில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். புகாருக்குப் பிறகு முதல்முறை மருத்துவரைப் பார்த்த குறிப்பைவிட, புகாருக்கு முன்பே பதிவான குறிப்புக்கு எடை அதிகம்.

ஆனால் சம்பவம் நடந்தது என்று எந்த மருத்துவரும் சாட்சி சொல்ல முடியாது. அறிகுறிகள் அத்தகைய அனுபவத்தோடு பொருந்துகின்றன என்று சொல்லலாம். தாமதமும் துண்டுதுண்டான நினைவும் பொய்யின் அடையாளம் அல்ல என்று விளக்கலாம். சம்பவத்தை நிறுவ உதவுவது குறுஞ்செய்தி, சக ஊழியரின் சாட்சியம் போன்றவைதான். இதை மறந்து மருத்துவச் சான்றை மட்டுமே நம்பிப் போகாதீர்கள்.

புகாரை ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் 6 பிரதிகளாகத் தர வேண்டும் என்பது விதி. மருத்துவரின் பெயரையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். வழக்கறிஞரை அழைத்துவரக் கூடாது என்ற விதியைக் காட்டி மருத்துவரையும் வாசலிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். அந்தத் தடை வழக்கறிஞருக்கு மட்டுமே. சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்பி விசாரிக்க, உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைக் குழுவுக்குப் பிரிவு 11 தருகிறது.

முழு மருத்துவக் கோப்பையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய மனச்சோர்வு, குடும்பச் சண்டை எல்லாம் அதில் இருக்கும். உங்களை நம்பத்தகாதவர் என்று காட்ட அதையே பிடித்துக்கொள்வார்கள். மருத்துவ இரகசியம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. இந்தப் புகாருக்குத் தொடர்பான சுருக்க அறிக்கையை மட்டும் வாங்கித் தாருங்கள்.

இழப்பீட்டில்தான் வல்லுநர் சான்று மிக நேரடியாகப் பயன்படுகிறது. மன வேதனை, வேலை வாய்ப்பு இழப்பு, மனநலச் சிகிச்சைச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிரிவு 15 சொல்கிறது. மருந்துக்கடை ரசீது முதல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், தொகையைக் குறிப்பிட்டே கேளுங்கள். குற்றம் நிரூபணமாகியும் இழப்பீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கை கைக்கு வந்தால், பரிந்துரை வந்த 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "மறுபரிசீலனை செய்கிறோம்" என்று எச்ஆர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.