கை மடங்குகிறது என்றால் பலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை

இந்த மாதமும் ஒருவரை அழைத்து வந்தார்கள். ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதமாகிறது. இடது கை முஷ்டியாக மூடிக் கிடக்கிறது. விரல்களை மெல்ல விரித்தால் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம், ஊறி வெளுத்த தோல், நாற்றம். "டெய்லி பந்து அமுக்க வச்சோம் சார், நல்லா இறுக்கிப் பிடிக்கிறாரே" என்கிறார் மகன்.

எத்தனை முறை சொல்வது? அந்த இறுக்கம் பலம் அல்ல.

பக்கவாதம் வந்த புதிதில் கை துவண்டு கிடக்கும். போகப் போகப் பலருக்கு முழங்கை மடங்கி, விரல்கள் சுருளும். கொட்டாவி விடும்போது கை தானாக மேலே எழும்பும். வீட்டில் அதை வீடியோ எடுத்து வந்து சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். அவர் நினைத்துத் தூக்கிய கை இல்லை அது. மூளையின் கட்டுப்பாடு விட்டுப்போனதால் தசை தானே முறுக்கிக்கொள்கிறது. இதைத்தான் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறோம். பலம் வந்த கை, "நீட்டுங்க" என்றால் நீளும். "விடுங்க" என்றால் டம்ளரை விடும். பிடித்ததை விடத் தெரியாத கையால் ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது. ஏற்கெனவே மூடிக்கொள்கிற விரல்களை மூடவே பழக்குகிறது பந்து. அவருக்கு வேண்டியது விரிக்கும் பயிற்சி. பந்தைத் தூக்கி வையுங்கள்.

வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து, மெதுவாக நீட்டினால் விட்டுக்கொடுப்பது ஸ்பாஸ்டிசிட்டி. பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி என வழிகள் உண்டு. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஓரிடத்துக்கு மேல் வரவில்லையா? தசையும் மூட்டைச் சுற்றிய உறையும் குறுகிவிட்டன. அது காண்ட்ராக்சர். கையை விரித்த நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டை மாதக்கணக்கில் போட வேண்டும், சிலருக்கு ஆபரேஷன்வரை போகும்.

புறா ரத்தம் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதிப்பு மூளையில் இருக்க, கையில் எதைப் பூசி என்ன பயன்?

விரல்களைப் பிடுங்கி விரிக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குங்கள், விரல்கள் தளரும். கட்டைவிரலை அடியோடு பிடித்து வெளியே கொண்டுவந்து, பிறகு மற்ற விரல்களை விரியுங்கள். கடைசியாக மணிக்கட்டை நிமிர்த்துங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள். தினமும் உள்ளங்கையைக் கழுவி ஈரமில்லாமல் துடையுங்கள், நகம் வெட்டுங்கள்.

எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அக்குளில் கைவிட்டுத் தூக்கவும் கூடாது. துவண்ட தோளில் எலும்பு கீழே நழுவிவிடும், சப்லக்சேஷன். அந்த வலியில் ராத்தூக்கம் போய்விடும், பயிற்சிக்கும் ஒத்துழைக்க மாட்டார். உட்காரும்போது கையைத் தொங்கவிடாமல் தலையணைமேல் வையுங்கள்.

முதல் மூன்று மாதம்தான் மீட்சி வேகமாக நடக்கும் காலம். தயவுசெய்து அதை வீணாக்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே என்னென்ன பயிற்சி என்று கேட்டு, செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அழைத்து வர வண்டிக்குப் பணமில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.