அனிமேஷன்: அசைவா, உயிரா?

தாராவியில் இட்லி மாவு விற்கும் தங்கை ஒருத்திக்காகப் போன மாதம் முப்பது விநாடி அனிமேஷன் படம் ஒன்று செய்தேன். பாக்கெட் மாவு வாங்கும் மராத்தி, குஜராத்தி வீட்டுக்காரர்கள் எப்படி வேகவைப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். தட்டில் எண்ணெய் தடவு, மாவை ஊற்று, மூடி போடு, பத்து நிமிடம். அவ்வளவுதான் கதை. பேச்சே கிடையாது, போனில் பார்க்க வாகாக நெட்டுவாக்குப் படம். முதல் வரைவைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: “மூடி நகருது அண்ணா. ஆனா உசுரே இல்லையே.”

அனிமேஷன் என்ற சொல்லின் வேரே அதுதான். லத்தீனில் ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். ‘அனிமாரே’ என்றால் உயிர் கொடுத்தல். ஆங்கிலத்தில் உற்சாகம், உயிர்த்துடிப்பு என்றே வெகுகாலம் புழங்கிவிட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் படக்கலைக்கு வந்தது. அனிமாவும் நம் ஆன்மாவும் ஒன்றே என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஓசைதான் ஒன்று, வேர் வேறு. அனிமாவின் உண்மையான பங்காளி ‘பிராணன்’. வடமொழியில் ‘அன்’ என்றால் மூச்சு விடுதல். காற்றைக் குறிக்கும் ‘அனிலம்’ கூட அந்த வீட்டுப் பிள்ளைதான்.

மும்பைக்கு இந்தக் கலை புதிதல்ல. தாதாசாகேப் பால்கே 1915-லேயே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தவர். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-இல் இங்கே மத்திய அரசின் படத்தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் பிரிவில் இருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ‘கார்ட்டூன்’ வேறு சொல், தடித்த காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயங்குபடம், அசைபடம் இரண்டும் அழகான வினைத்தொகைகள். ஆனால் சினிமாவும் இயங்கும் படம்தானே? தவிர, இவை முடிந்த பொருளைச் சொல்கின்றன, வேலையைச் சொல்வதில்லை. ‘உயிரூட்டம்’ லத்தீனுக்கு மிக நெருக்கம். ஆனால் நலிந்த கலைக்கு உயிரூட்டினார் என்று மேடையில் பேசிப் பேசி அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம். என் ஓட்டு ‘அசைவூட்டம்’ என்பதற்கு. காரணம் அதிலுள்ள ‘ஊட்டு’. உண் என்பதன் பிறவினை அது, பிள்ளைக்குக் கவளம் கவளமாக ஊட்டுவது. இந்த வேலையும் அப்படியே. விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் 24 அசையாக் காட்சி; ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம் வேண்டும். முப்பது விநாடிக்கு 360 கவளம்.

இப்போது அத்தனையும் கையால் வரைவதில்லை. மூடி கீழே இருக்கும்போது ஒரு கீஃபிரேம் (அசைவின் முக்கிய நிலையைக் காட்டும் ஃபிரேம்), மேலே போனதும் ஒன்று. நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிவிடும். கோளாறு அங்கேதான். எல்லா ஃபிரேமிலும் ஒரே அளவு நகர்ந்ததால் மூடி லிஃப்ட் மாதிரி ஏறியது. கிளம்பும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, உச்சியில் மறுபடி மெதுவாக என்று மாற்றினேன். அப்புறம் ஆவி முட்டுவதுபோல இரண்டு சின்னத் துள்ளல். “மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்” என்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்து தானாக இயங்காது, உயிரெழுத்து சேர வேண்டும். மூடிக்கு அகரம் அந்தத் துள்ளல்தான்.

இப்படி எப்படிச் செய்வது என்று காட்டும் ‘ஹவ்-டு வீடியோ’ என்பதற்குச் ‘செய்முறைப் படம்’ போதும். வகையைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘அசைவூட்டச் செய்முறைப் படம்’. தலைப்புக்கு இது நீளம் என்று தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. ‘இட்லி செய்முறை’ என்று மட்டும் போட்டு, கீழே இந்தியிலும் ஒரு வரி சேர்த்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள்.