வட்டமாக வந்ததெல்லாம் படர்தாமரை அல்ல

சென்ற வாரம் வலது முழங்கால் பந்து போல வீங்கிய நிலையில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் என்னிடம் வந்தார். அடிபடவில்லை, காய்ச்சல் இல்லை, வீக்கத்தின் அளவுக்கு வலியும் இல்லை. படியேறத்தான் முடியவில்லை என்றார். நியூ ஜெர்சியில் குடும்ப மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு முழங்காலைக் கண்டதும் அடுத்த கேள்வி தானாகவே வாயில் வந்துவிடும். கோடையில் எங்காவது கூடாரம் போட்டுத் தங்கினீர்களா என்று கேட்டேன். மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையில் நண்பர்களோடு நான்கு குடும்பங்களாக ஒரு ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு தங்கியதாகச் சொன்னார். அதன் பிறகு தோலில் ஏதாவது வந்ததா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் இல்லை டாக்டர், இடுப்பு மடிப்பில் கொஞ்சம் படர்தாமரை வந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆயின்மென்ட் போட்டேன், மூன்று வாரத்தில் போய்விட்டது” என்றார்.

இந்த ஆண்டு இதே வாக்கியத்தை என்னிடம் சொன்ன மூன்றாவது ஆள் இவர். முதலாமவர் ஒரு பக்க முகம் கோணிப்போய் வந்தார். ஏசி காற்று பட்டதால் வந்த முகவாதம் என்று வீட்டில் முடிவு செய்து ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்திருந்தார்கள். இரண்டாமவர் இதயத் துடிப்பு குறைந்து அலுவலகத்தில் மயங்கி விழுந்தவர். மூவருக்கும் வந்தது மான் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய். மூவரிடமும் அந்த ஆயின்மென்ட் இருந்தது.

படர்தாமரை என்ற அந்த ஒரு சொல்தான் என் பொறுமையைச் சோதிக்கிறது, ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதன் ஓரம் செதில் செதிலாக உரியும், கையை எடுக்க விடாமல் அரிக்கும், வாரக்கணக்கில் மெல்லப் பரவும். உண்ணிக் கடிக்குப் பின் 3 முதல் 30 நாட்களுக்குள் வரும் தடிப்போ பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும், அதிகம் அரிக்காது, தொட்டால் லேசாகச் சூடாக இருக்கும், சில நாட்களிலேயே உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். உண்ணி கடிக்க விரும்பும் இடங்கள் தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள், முழங்காலின் பின்புறம் போன்ற மடிப்புகள். படர்தாமரையும் அங்கேதான் வரும் என்பது நம் கெட்ட காலம். போதாததற்கு, பாடநூல்களில் பல காலமாக அச்சிடப்பட்டுவரும் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. சிவப்பு வளையம், நடுவில் வெளுப்பு, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி என்று வில்வித்தை இலக்குப் பலகை போன்ற அந்தப் படத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். பலருக்கு வளையமே இல்லாமல் ஒரே நிறத் திட்டாக வரும். நம் மாநிறத் தோலில் அது ஊதாவாகவோ, கன்றிப்போன காயத்தின் நிறத்திலோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுப்பாகவோ தெரியும். சக மருத்துவர்கள் சிலரும் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்த ஆயின்மென்ட். ஊரில் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவில் வந்து சேரும் பல குழாய்களில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது தோலின் எரிச்சலைத் தணிக்கும்; இரத்தத்தில் ஏறிவிட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. லைம் நோயின் தடிப்பு எந்த மருந்தும் போடாமலேயே சில வாரங்களில் தானாக மறையக்கூடியது. மறைந்ததும் பெயர் ஆயின்மென்டுக்குப் போய்ச் சேர்கிறது, கிருமி முழங்காலுக்குப் போய்ச் சேர்கிறது. தடிப்பு இருக்கும்போதே வந்திருந்தால் சுமார் 10 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் இரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. அந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்தில் ‘நெகட்டிவ்’ என்று வரும் முடிவை நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறு.

“உண்ணி கடித்தால் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு மாட்டில் எத்தனை பிடுங்கியிருக்கிறேன்” என்று கேட்பவர்களும் உண்டு. மாட்டில் நீங்கள் பார்த்தது இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிய உண்ணி. இங்கே மே முதல் ஜூலை வரை அதிகமாகக் கடிக்கும் இளம் மான் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். இலையுதிர் காலத்தில் மரங்களின் வண்ணம் பார்க்கப் போகும்போது காத்திருக்கும் வளர்ந்த உண்ணி எள் அளவு. அதன் உமிழ்நீரே கடித்த இடத்தை மரத்துப்போகச் செய்வதால் வலி தெரியாது. அது மரத்திலிருந்து குதிப்பதும் இல்லை. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் உரசிக்கொண்டு போகும்போது தொற்றிக்கொள்ளும்.

ஹாரிமன், ஹை பாயின்ட், ரிக்கெட்ஸ் க்ளென் என்று நம்மவர்கள் கூட்டமாகப் போகும் இடங்களுக்கு நானும் போகிறவன்தான். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் புல்வெளியில் ஜமக்காளம் விரித்து, விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை. காலணி, சாக்ஸ், கூடாரம் ஆகியவற்றில் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து நன்றாகக் காயவிடுங்கள். அதைத் தோலில் பூசக்கூடாது, வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடக் கூடாது. தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி போதும்.

வீடு திரும்பியதும் துணிகளைத் துவைக்கும் முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் சுற்ற விடுங்கள். வெறும் தண்ணீரில் உண்ணி சாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள். குளிக்கும்போது மடிப்புகளையும் தொப்புளையும் விரலால் தடவிப் பாருங்கள், குழந்தைகளின் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பெரியவர் ஒருவர் பார்க்கட்டும். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

ஒட்டியிருந்தால் தீக்குச்சி, வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், உப்பு எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி தன் வயிற்றில் உள்ளதை உங்கள் உடம்புக்குள்ளேயே கக்கக்கூடும். கூர்நுனி ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேல்நோக்கி இழுங்கள். லைம் கிருமி உடலில் ஏற உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றிரவே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். அதிக நேரம் ஒட்டியிருந்ததாகத் தோன்றினால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் வாருங்கள். ஒரே ஒரு வேளை மாத்திரையில் தடுக்க வாய்ப்புண்டு.

(முதுகில் வெள்ளைப் புள்ளியோடு லோன் ஸ்டார் என்றொரு உண்ணியும் இங்கே உண்டு. அது கடித்த சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகாமல் போய்விடுகிறது. ராத்திரி மட்டன் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நடுநிசியில் உடம்பெல்லாம் தடித்து எழுந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் புதிதாக எந்தத் திட்டு வந்தாலும் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். மறுநாள் அது கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே எந்தப் பூங்காவுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்று சொல்லுங்கள். ஆயின்மென்ட் ஏற்கெனவே தடவிவிட்டிருந்தால், அந்தக் குழாயையும் கையோடு கொண்டுவாருங்கள். நான் திட்ட மாட்டேன்.