தொழில்முனைவு: சொல்லும் பொருளும்

'ஆந்த்ரப்ரனர்' பிரெஞ்சுச் சொல். ஒரு வேலையைப் பொறுப்பேற்றுச் செய்பவர் என்பது நேர்ப்பொருள். கட்டட ஒப்பந்தக்காரரையும் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பொருளியல் கலைச்சொல்லாக்கியவர் ரிச்சர்ட் கான்டில்லன். அவர் இறந்தபின் 1755இல் அச்சான நூலின்படி, இன்ன விலை என்று தெரிந்து வாங்கி, என்ன விலை போகும் என்று தெரியாமல் விற்பவரே ஆந்த்ரப்ரனர்.

தமிழில் தொழில்முனைவோர். செயல் தொழில்முனைவு. 'தொழிலதிபர்' பொருந்தாது, அது உடைமையைச் சொல்லும் சொல். பரம்பரை ஆலையை அப்படியே ஓட்டுபவர் அதிபர், முனைவோர் அல்லர். ஒருவரைச் சொல்லத் 'தொழில்முனைவர்' போதும்தான். ஆனால் முனைவர் என்றதும் பட்டம் நினைவுக்கு வருவதாலோ என்னவோ, '-ஓர்' ஒருமைக்கும் நின்றுவிட்டது. முனைதல் என்பதில் முயற்சி இருக்கிறது. கான்டில்லன் சொன்ன 'தெரியாமல்' இல்லை. வணிக உத்திக்கு அந்தத் 'தெரியாமல்'தான் முக்கியம்.

1921இல் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் இடரையும் உறுதியின்மையையும் பிரித்தார். நிகழ்தகவு கணக்கிட முடிந்தது இடர். அதைக் காப்பீட்டுச் செலவாக மாற்றிவிடலாம். கணக்கிட முடியாதது உறுதியின்மை. லாபம் பிறப்பது அங்கே.

ஒரு லாரி சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது. போகும் வாடகை 100 என்றால், திரும்பும் வழிக்கு 40 கொடுத்தாலும் ஓட்டுபவருக்கு லாபம். அந்த இடத்தை 40க்கு எடுத்து, சரக்கு அனுப்புவோருக்கு 65க்கு விற்கிறார் ஒருவர். பிறர் காணாத விலை இடைவெளியைக் கண்டுகொள்ளும் இதைப் பொருளியலாளர் இஸ்ரேல் கிர்ஸ்னர் விழிப்பு என்றார். ஆனால் செய்தி பரவியதும் நாலு பேர் வந்து லாரிக்காரருக்கு 55 தர முன்வருவார்கள். இடைவெளி 10 ஆகச் சுருங்கும். வாய்ப்பைக் கண்டதையே போட்டி அனுகூலம், அதாவது போட்டியாளர்களை முந்த வைக்கும் பலம், என்று எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு.

அனுகூலம் நிலைக்க வேண்டுமானால் கையில் உள்ள வளம் மதிப்புள்ளதாக, அரியதாக, நகலெடுக்கக் கடினமானதாக, மாற்று இல்லாததாக இருக்க வேண்டும் என்பது மேலாண்மை அறிஞர் ஜே பார்னி 1991இல் வைத்த அளவுகோல். 40 என்ற விலை இதில் தேறாது. எந்தத் தடத்தில், எந்தக் கிழமை, எத்தனை டன் இடம் காலியாகும் என்று ஓராண்டு குறித்துவைத்த பதிவும், அதை நம்பிச் சரக்கு தரும் வாடிக்கையாளர்களும் தேறலாம். ஆகவே 65க்கு விற்கும் மாதங்களில் வரும் 25ஐ மொத்தமாக வெளியே எடுக்காமல், ஒரு பங்கை அந்தப் பதிவுக்கும் சொன்ன நேரத்தில் சேர்ப்பதற்கும் செலவிட வேண்டும். இடைவெளி 10 ஆனபிறகு அதற்குப் பணம் மிஞ்சாது.